உங்களுக்குத் தெரியுமா? நினைவில் அளந்த காணி

எந்தக் காணி யாருக்குச் சொந்தம், எவ்வளவு வரி என்று போர்த்துக்கேயரும் பின்னர் டச்சுக்காரரும் இலங்கையில் எழுதிவைத்த பதிவேடு தோம்பு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற கலைநூல் அந்தப் பேரேட்டைச் சனங்கள் கையில் கொடுக்கிறது.

உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்த வடபகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் அவர் கேட்டது ஒன்றுதான்: விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து போட்டுத் தாருங்கள். அளவுகோல் பிடித்துப் பழகாத கைகள் இழுத்த கோணல் கோடுகள் ஒரு தாளில். அதையே கட்டடக் கலைஞர் ஒருவர் நேராக்கிப் போட்ட பிளான் இன்னொன்றில். வீட்டுக்காரர் சொன்ன கதையைக் கேட்டுச் சனாதனன் தீட்டிய ஓவியம் அடுத்து. எல்லாவற்றையும் அரசாங்கக் கந்தோர் ஃபைல் மாதிரியே கட்டியிருக்கிறார். குறும்புதான்! பிளானின் துல்லியத்தைவிட அந்தக் கோணல் கோடுகளில்தான் வீட்டை அடையாளம் காண முடிகிறது என்பேன்.

கனடாத் தமிழர் ‘ஊர்’ என்று பொத்திவைத்திருந்த சாமான்களைப் போத்தல்களில் இட்டு, வான்கூவர் மானிடவியல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தவரும் இவரே.