ஏக்கருக்கு ஏக்கர் ஈடாகுமா?

நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. ஆற்றோரத்து அரைக் காணியைக் கொடுத்துவிட்டு மேட்டு நிலத்தில் இரண்டு காணி வாங்கிக்கொள்பவர் உண்டு. பரப்பைப் பார்த்து, விலையைப் பார்த்து, பத்திரம் எழுதினால் காரியம் முடிந்தது. ஆனால் அந்த நிலம் காட்டு உயிர்களின் இருப்பிடமாக இருந்தால்? அங்கே வேட்டையாடும் உரிமை பொதுமக்களுக்கும் இருந்தால்? அப்போது கணக்கு அவ்வளவு எளிதல்ல.

அமெரிக்காவில் காட்டுயிர்ப் பாதுகாப்பும் வேட்டையும் பகைத்துக்கொண்டவை அல்ல என்பது நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது 11 விழுக்காடு வரி வாங்கி, அந்தப் பணத்தை மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குத் தருகிறார்கள். அதில் வாங்கிய நிலத்தைப் பின்னர் மாற்ற நேர்ந்தால், புதிய நிலம் சந்தை விலையில் சமமாக இருந்தால் மட்டும் போதாது. விலங்குகளுக்கும் அதைப் பயன்படுத்தும் மக்களுக்கும் ஏற்ற பயனைத் தரவேண்டும் என்பது விதி. இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் சிக்கல் இருக்கிறது. விலையை மதிப்பிட ஆள் உண்டு. ஒரு வாத்துக்கு ஓர் ஏக்கர் எவ்வளவு பெறும் என்று யார் சொல்வது?

இதற்காகவே சுற்றுச்சூழல் மதிப்பீடு என்ற முறை வந்தது. 1970 ஜனவரி முதல் நாள் கையொப்பமான சட்டத்தின்படி, கூட்டரசு எந்தப் பெரிய செயலில் இறங்கினாலும் அதன் விளைவை முன்கூட்டியே ஆராயவேண்டும். முதலில் சுருக்கமான மதிப்பீடு. பெரிய பாதிப்பு இருக்கும் என்று தெரிந்தால் விரிவான அறிக்கை. மாற்று வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடவேண்டும். அவற்றுள் 'ஒன்றுமே செய்யாமல் விடுவது' என்பதும் ஒரு வழியாக இடம்பெறவேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்காகவே அச்சட்டத்தைப் பாராட்டலாம்.

இம்முறை கடும் சோதனைக்கு உள்ளானது அலாஸ்காவில். தீபகற்பத்தின் மேற்கு முனையருகே உள்ளது இசெம்பெக் வனவிலங்குப் புகலிடம். 1960இல் அமைக்கப்பட்ட இப்புகலிடத்தின் பெரும்பகுதி, 1980இல் சாலையும் வாகனமும் புகாத 'தீண்டா வனம்' என்று அறிவிக்கப்பட்டது. அதை அடுத்துள்ள காயலின் அடியில், உலகின் மிகப் பெரிய கடற்புல் பரப்புகளுள் ஒன்று இருக்கிறது.

பசிபிக் கரையின் பிராண்ட் என்னும் சிறிய கருநிற வாத்துகள் ஏறக்குறைய அனைத்தும் இலையுதிர் காலத்தில் இங்கே வந்து இறங்குகின்றன. வாரக்கணக்கில் கடற்புல்லைத் தின்று உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. பிறகு சாதகமான காற்று வீசும் ஓர் இரவில் கூட்டமாகக் கிளம்பி, சுமார் 5,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மெக்சிகோக் கரைக்கு இடையில் எங்கும் இறங்காமல் இரண்டு மூன்று நாளில் போய்ச் சேர்கின்றன. போய்ச் சேரும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கும்! ஆகவே மேயும் நாளில் ஒவ்வொரு முறை வெருண்டு எழுந்து பறப்பதும் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவுதான். அண்மைக் காலத்தில் குளிர் குறைந்துவிட்டதால், கணிசமான வாத்துகள் மெக்சிகோவுக்குப் போகாமல் குளிர்காலத்தையும் இங்கேயே கழிக்கின்றன. காயலின் பொறுப்பு இதனால் கூடியிருக்கிறது.

இனி மனிதர் பக்கம். காயலுக்குத் தெற்கே கிங் கோவ் என்ற மீன்பிடி ஊர். அங்கே வாழ்பவருள் பெரும்பாலோர் அலியூத் பழங்குடியினர். ஊரில் மருத்துவமனை இல்லை. சிறு மருத்துவ நிலையமே உண்டு. விமானத் தளமோ சரளைக்கல் ஓடுபாதை. காற்றும் மூடுபனியும் அடிக்கடி அதை முடக்கிவிடும். ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பால் கோல்ட் பேயில், இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த சுமார் 3 கிலோமீட்டர் நீள ஓடுபாதை இருக்கிறது. நோயாளியை அங்கே சேர்த்துவிட்டால் பெரிய விமானத்தில் ஆங்கரேஜ் நகருக்கு அனுப்பிவிடலாம். பிரசவ வேதனையில் இருப்பவளையோ மாரடைப்பு வந்தவரையோ புயலில் படகில் ஏற்றவேண்டிய ஊர் சாலை கேட்பது நியாயமே. 1998இல் சாலைக்குப் பதிலாக 3.75 கோடி டாலர் ஒதுக்கினார்கள். காற்று மெத்தையின் மேல் செல்லும் ஹோவர்கிராப்ட் 2007 முதல் ஓடியது. செலவு கட்டுப்படியாகாமல் 2010இல் நின்றது.

சாலை போகவேண்டிய இடம் இரண்டு காயல்களுக்கு நடுவே உள்ள குறுகிய நிலப்பகுதி. 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாற்றத்தை ஆராயச் சொன்னது. புகலிடத்திலிருந்து 206 ஏக்கரும், வேறொரு தீவில் சுமார் 1,600 ஏக்கரும் கூட்டரசு கொடுக்கும். மாநில அரசும் ஊர்க் கழகமும் சேர்ந்து 56,000 ஏக்கருக்கு மேல் தரும். ஒன்றுக்கு முப்பது! எந்தத் தரகரும் உடனே கைநீட்டிவிடுவார்.

மதிப்பீட்டாளர்கள் வேறு கேள்விகளைக் கேட்டார்கள். வாத்து எங்கே மேய்கிறது? காரிபு மான் எவ்வழியாக இடம்பெயர்கிறது? அன்னம் எங்கே கூடு கட்டுகிறது? மூன்றுக்கும் அந்தக் குறுகிய நிலமே விடையாக வந்தது. சாலை கடற்புல்லின் மேல் போகாதுதான். ஆனால் சாலை வந்தால் வண்டி வரும். வண்டியோடு துப்பாக்கியும் எளிதில் வரும். முன்பு நடந்தோ படகிலோ மட்டும் போய் வேட்டையாடிய இடத்தை அரை மணியில் எட்டிவிடலாம். மறுபக்கத்தில், வரப்போகும் ஏக்கர்களில் எவரும் எதையும் கட்டப்போவதில்லை எனில், அதைப் பாதுகாப்பில் சேர்த்து விலங்குகள் பெறும் புதிய நன்மை என்ன? சும்மா கிடந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். பரப்பளவு மயக்கும் இடம் இதுவே என்பது என் கருத்து.

ஒன்றும் செய்யாதது, இரு சாலை வழிகள், ஹோவர்கிராப்ட், படகுப் போக்குவரத்து என ஐந்து வழிகளை ஒப்பிட்ட அறிக்கை 2013இல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் உள்துறைச் செயலர் சாலி ஜுவெல் மாற்றத்தை மறுத்தார். (அங்கே உள்துறை என்றால் போலீஸ் அல்ல, பொது நிலங்களைக் கவனிக்கும் துறை.) கூடுதல் ஏக்கர், இழக்கும் நிலத்தின் தனித்தன்மைக்கு ஈடாகாது என்பது அவர் காட்டிய காரணம். கிங் கோவ் மக்கள் கொதித்துப்போனார்கள்.

விவகாரம் அதோடு ஓயவில்லை. 2018இலும் 2019இலும் போட்ட ஒப்பந்தங்களைக் கூட்டரசு நீதிமன்றம் 2019இலும் 2020இலும் தள்ளியது. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கையில், 2023இல் அரசே ஒப்பந்தத்தை விலக்கிக்கொண்டது. 2025 அக்டோபரில் வேறொரு ஒப்பந்தம் கையெழுத்தானது: சுமார் 490 ஏக்கர் ஊர்க் கழகத்துக்கு, 1,739 ஏக்கர் கூட்டரசுக்கு.

வடக்கே, வெகு தொலைவில், யூகான்-கஸ்கோக்விம் கழிமுகத்தில் ஹூப்பர் பே போன்ற பழங்குடி ஊர்கள் இருக்கின்றன. பிராண்ட் வாத்துகளில் பெரும்பாலானவை முட்டையிடுவது அங்கேதான். நீண்ட குளிர்காலத்துக்குப் பின் அவ்வூரார் வேட்டையாடி உண்ணும் பறவைகளுள் அவையும் அடங்கும். மாற்றப்படும் நிலத்தை அவர்களில் பலர் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் 2025 நவம்பரில் வழக்குத் தொடுத்தவர்களுள் அவ்வூர்களும் இருந்தன.