பெற்றோருக்குப் பின் பராமரிப்பு

குடியானவர் ஒருவர் கிணறு வெட்ட நினைத்தால், ஊற்று எங்கே இருக்கும், பாறை எத்தனை அடியில் தட்டும், செலவு எவ்வளவு ஆகும் என்று பல நாள் யோசிக்கிறார். பெண்ணின் கலியாணத்திற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே சீட்டுக் கட்டுகிறார். ஆனால் வீட்டில் நடக்க இயலாத பிள்ளையோ, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையோ இருப்பின், தமக்குப் பின் அப்பிள்ளையை யார் காப்பார் என்ற கேள்வியை மட்டும் நாள் கடத்தி வருகிறார். "அண்ணன் தம்பிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

முன்னாளில் இப்பதிலில் ஓரளவு பொருள் இருந்தது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் வானம் பார்த்த பூமியை நம்பியிருக்க இயலாமல் இளைஞர் பலர் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். ஊரில் எஞ்சியிருப்பவர் வயது முதிர்ந்த தாய் தந்தையரே. இந்நிலையில் பாகப்பிரிவினை நடக்கும்போது, "தம்பியைக் கடைசிவரை நான் வைத்துக்கொள்கிறேன்" என்று மூத்தவர் வாய்மொழியாகச் சொல்ல, தம்பியின் பங்கும் அவர் பெயருக்கே எழுதப்படுகிறது. சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் காலத்திற்குப் பின் அவருடைய மக்களை அந்தச் சொல் கட்டுப்படுத்துமா?

பிறவியிலேயே குறையுள்ளவருக்குச் சொத்துரிமை இல்லை என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. பழைய இந்து சட்டத்தில் அத்தகைய தடைகள் இருந்தன. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, நோயோ அங்கக் குறையோ வாரிசுரிமைக்குத் தடையாகாது என்று தெளிவாகக் கூறிவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொத்து வைத்திருக்கும் உரிமையை மற்றவர்க்குச் சமமாக வழங்குகிறது. ஆகவே பங்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும். பட்டாவும் அவ்வாறே மாறட்டும். பெண் பிள்ளையாயின் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும், ஏனெனில் அவள் பங்கை எல்லோரும் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இனி, பலரும் அறியாத ஒரு செய்தி. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தவுடன், பெற்றோர் சட்டப்படி காப்பாளர் என்ற நிலை தானாகவே முடிந்துவிடுகிறது. பிள்ளையின் அறிவு ஐந்து வயதுக் குழந்தையினுடையதாக இருந்தாலும் இதுவே விதி. கண் பார்வையற்றவர், காது கேளாதவர், கால் ஊனமுற்றோர் ஆகியோருக்கு இதனால் இடையூறு இல்லை. அவர்கள் தாமே கையொப்பமிடலாம், அவர்களுக்குக் காப்பாளர் தேவையும் இல்லை. புற உலகச் சிந்தனையற்ற நிலை, மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்துள்ளது. மாவட்ட ஆட்சித் தலைவர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால், குழு விசாரித்துச் சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்கும். வங்கிக் கணக்கு நடத்தவும் இச்சான்று உதவும். காப்பாளர் ஆறு மாதத்திற்குள் அப்பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். பிள்ளையைப் புறக்கணித்தாலோ சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு. வாய்மொழி வாக்குறுதியில் இப்பாதுகாப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க.

வருவாயைப் பற்றியும் ஒரு சொல். "தென்னந்தோப்பு இருக்கிறது, அது அவனுக்குச் சோறு போடும்" என்று ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்தில் பலர் நிம்மதியாக இருந்தனர். 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலில் அத்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. நெட்டைத் தென்னை மீண்டும் காய்க்க ஆறேழு ஆண்டுகளாகும். அதுவரை பிள்ளையின் மருந்து காத்திருக்குமா? நிலத்தோடு கூட, சிறு தொகையாயினும் அஞ்சலகத்திலோ வங்கியிலோ அவர் பெயரில் சேர்த்து வருவது அவசியம். அறிவு வளர்ச்சி குன்றியோருக்கும் கடுமையான ஊனமுற்றோருக்கும் மாநில அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு, மேற்கூறிய நான்கு வகையினருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. இவற்றிற்கெல்லாம் மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் அடிப்படையாகும்.

பணமும் பத்திரமும் மட்டும் போதா. எந்த மருந்து எப்போது, வலிப்பு வந்தால் என்ன செய்வது, எந்த உணவு ஒவ்வாது, எதற்கு அஞ்சுகிறான் என்பன எல்லாம் தாயின் மனத்தில் மட்டுமே உள்ளன. அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கவேண்டும். எழுதத் தெரியாத தாய், பள்ளிக்குச் செல்லும் பேத்தியைக் கொண்டு எழுதுவிக்கலாம். தாயே எல்லாவற்றையும் செய்யாமல், பிறகு பொறுப்பேற்க இருப்பவரிடம் மாதத்தில் சில நாட்களேனும் பிள்ளையை விட்டுப் பழக்குவதும் நலம். படுக்கையில் இருப்போருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறைப் பயிற்சி வீட்டிற்கே வருகிறது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் வார்டில் இத்தகைய வீடுகள் எத்தனை என்று ஒருமுறை நடந்து சென்று கணக்கெடுப்பாராக. யாருக்கு அட்டை இல்லை, யார் 18 வயதை நெருங்குகிறார், எந்தப் பெற்றோர் தள்ளாமையில் இருக்கிறார் என்ற மூன்றும் அக்குறிப்பில் இருந்தால் போதும். 2025ஆம் ஆண்டில் சட்டமன்றம் செய்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலும் மாற்றுத்திறனாளி ஒருவர் நியமன அங்கத்தினராக இடம் பெற வழி ஏற்பட்டுள்ளது. அக்கணக்கெடுப்பில் அவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். வீட்டின் பின்கட்டில் இருக்கும் பிள்ளையைப் பற்றி, மற்றவரிடம் சொல்லத் தயங்கும் தாய் அவரிடம் சொல்லக்கூடும்.