பூனை இருக்கும் வீட்டுக்கு ஒரு வயதான நாய்

ஏழெட்டு வயதைத் தாண்டிவிட்டால் நாய்க்கு முதுமை தொடங்குகிறது. பேருடல் கொண்ட இனங்களுக்கு அது இன்னும் சீக்கிரமே வந்துவிடும். பதினைந்து, இருபது கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்குக் கொஞ்சம் தாமதமாகும். தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய் எப்போது பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. பல்லைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஆறேழு மாதத்துக்குள் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வந்துவிடுகின்றன. பிறகு ஆண்டுக்கு ஆண்டு முன்பற்களின் முனை தேயும், கடைவாய்ப் பற்களில் மஞ்சள் காரை ஏறும். கண்ணின் பாவைக்குள் நீலம் கலந்த மங்கல் தெரிந்தால் ஏழு வயதுக்கு மேல் இருக்கலாம். கல்லையும் எலும்பையும் கடித்து வளர்ந்த நாயின் பல் வயதைக் கூட்டிக் காட்டும் என்பதால் இதெல்லாம் உத்தேசக் கணக்குதான். மூக்கைச் சுற்றிய நரையை மட்டும் நம்பவே கூடாது. மூன்று வயதிலேயே நரைக்கும் நாய்கள் உண்டு.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டுவிட்டுக் குட்டியைத் தேடிப் போவதுதான் வழக்கம். பூனை இருக்கும் வீட்டைப் பொறுத்தவரை இது தவறான கணக்கு. குட்டி நாய்க்குப் பூனை ஒரு விளையாட்டுச் சாமான். அது ஓடினால் துரத்தும், மறைந்தால் தோண்டும், ஒரு நாளைக்கு நூறு முறை சொன்னாலும் கேட்காது. வளர்ந்த பிறகு அது எப்படி இருக்கும் என்பதும் யாருக்கும் தெரியாது. வயதான நாயின் குணமோ ஏற்கெனவே உருவாகிவிட்டது. பூனையைக் கண்டால் பாயுமா, முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்ளுமா என்பதை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். நாளின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கும் நாயோடு பூனையும் சீக்கிரம் சமாதானமாகிவிடுகிறது.

அந்தமானில் இப்படிப்பட்ட நாய்க்குப் பஞ்சமில்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேர், இடமாற்றல் உத்தியோகங்கள் நிறைந்த ஊர். இரண்டு மூன்று வருடப் பணிக்காக வரும் குடும்பம் ஒரு நாயை வளர்த்துவிட்டு, திரும்பும் நேரத்தில் திகைக்கிறது. சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பயணம், விமானத்திலோ ஆயிரம் நிபந்தனை. அப்படி விட்டுச் செல்லப்படும் நாய், மனிதரோடு வாழப் பழகிய நாய். தெருவில் பிறந்து கடை வாசலில் வளர்ந்த நாய் இன்னொரு வகை. பூனையோடு வாழ்ந்த அனுபவம் இந்த இரண்டில் எதற்கு இருக்கும் என்று ஊகிக்க முடியாது. மீன் மார்க்கெட் நாய்க்கே அந்த அனுபவம் அதிகமாக இருக்கலாம்.

நாயைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு சோதனை போதும். சங்கிலியில் பிடித்தபடி, பத்தடி தூரத்தில் கூண்டுக்குள் அல்லது மதில் மேல் இருக்கும் பூனையைப் பார்க்க விட வேண்டும். காதைத் தூக்கிப் பார்ப்பது சரி, வாலாட்டி முகர முயல்வதும் சரி. உடல் விறைத்து, வாய் மூடி, கண் கொட்டாமல் பார்த்தபடி தலையைத் தாழ்த்தினால் அது வேட்டைப் பார்வை. அந்த நேரத்தில் பெயரைச் சொல்லி அழைத்து, மூக்கருகே ஒரு கருவாட்டுத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும். திரும்பினால் நம்பிக்கை உண்டு. கருவாட்டையும் சட்டை செய்யாமல் பூனையையே பார்த்துக்கொண்டிருக்கும் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பூனை இல்லாத வீட்டுக்குத்தான் பொருத்தம்.

தத்தெடுப்பதற்குச் சட்ட வழியும் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962-ல் தொடங்கிய இந்திய விலங்கு நல வாரியம், தெரு விலங்குகளைத் தத்தெடுப்பதற்கான நடைமுறையை 2022-ல் வெளியிட்டது. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்களுக்குக் கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக்கின. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றும், எடுத்தபின் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு என்றும் இருக்கிறது.

வீட்டுக்குள் நுழையும் முன் நாய் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. வெறிநோய் பதிவாகாத பகுதிகள் என்று இந்தியாவில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருபவை அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும்தான். அதை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. நாய்களும் மனிதர்களும் கப்பலேறி வருகிற தீவுகள் இவை. நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டிருக்க வேண்டும். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்தத் தீவுகளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய அபாயம் எலிக்காய்ச்சல். அந்தமானில் அது 1929-லேயே கண்டறியப்பட்டது, பிறகு மறக்கப்பட்டது. 1988 முதல் வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் பக்கம் மழைக்காலத்தை ஒட்டி ஒரு காய்ச்சல் பரவி, நுரையீரலில் ரத்தம் கசிந்து பலர் இறந்தார்கள். என்ன நோய் என்று தெரியாததால் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள். எலிக்காய்ச்சல்தான் அது என்று 1990-களில் உறுதியானது. போர்ட் பிளேரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் இன்று இந்த நோய் ஆய்வில் பேர்பெற்றது. கிருமியைச் சுமப்பது எலி மட்டுமல்ல. தொற்று ஏற்பட்ட நாய், வெளியே நோய் தெரியாமலேயே மாதக்கணக்கில் சிறுநீரில் கிருமியை வெளியேற்றக்கூடும். தேங்கிய தண்ணீரைக் குடித்து, எலி பிடித்து வாழ்ந்த தெருநாய்க்கு இந்த வாய்ப்பு அதிகம். நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இதற்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. முதல் முறை சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்துவிட்டால் வெறுங்காலோடு மிதித்துத் துடைக்கக் கூடாது.

அடுத்தது உண்ணி. ஈரமும் வெக்கையும் சேர்ந்த ஊரில் காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் மிளகு மிளகாக ஒட்டியிருக்கும். அது பரப்பும் எர்லிக்கியா நோயில் காய்ச்சல், பசியின்மை, வெளிறிய ஈறு, சில நேரம் மூக்கில் ரத்தம் எல்லாம் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் அடங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையைக் கொட்டை எழுத்தில் எழுதலாம். நாயின் முதுகில் சொட்டுவிடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்கு அது மருந்து, பூனைக்கு நஞ்சு. நாயின் மேல் இருந்ததைப் பூனை நக்கினாலோ, மருந்து காயும் முன் உரசிப் படுத்தாலோ வலிப்பு வந்து சாகக்கூடும். மருந்து வாங்கும்போதே “வீட்டில் பூனை இருக்கிறது” என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பூனைக்கும் அதற்குரிய தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் முன்கூட்டியே கொடுத்திருப்பது நல்லது.

வந்த முதல் நாள் நாயும் பூனையும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். நாய்க்கு ஓர் அறை, அதில் ஒரு சாக்கு, தண்ணீர்ச் சட்டி. பூனைக்கு மீதி வீடு. இது மரியாதைப் பிரச்சினை: வீடு பூனையுடையது, வந்தது விருந்தாளி. மூன்று நான்கு நாள் இப்படியே இருக்கட்டும். அதற்குள் பூனையின் கன்னத்தில் தேய்த்த துணியை நாயின் சாக்கில் போடலாம், நாயைத் துடைத்த துணியைப் பூனையின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம். விலங்குகள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வாசனையைப் பார்க்கின்றன. துணியைப் பார்த்துச் சீறிய பூனை, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கும் நாள்தான் கதவைத் திறக்கும் நாள்.

கதவைத் திறப்பதும் ஒரேயடியாக அல்ல. தீவு வீடுகளில் கொசுவலைக் கதவு இருப்பது இதற்காகவே செய்தது போல் அமைந்திருக்கிறது. வலைக்கு இந்தப் பக்கம் நாய் படுத்திருக்க, அந்தப் பக்கம் நாற்காலி மேல் பூனை. ஐந்து நிமிடம், பிறகு மூடிவிடலாம். மறுநாள் பத்து நிமிடம். வலையை நீக்கிய பிறகும் நாயின் கழுத்தில் சங்கிலி இருக்க வேண்டும், ஒருவர் கையில் அதன் நுனி இருக்க வேண்டும். பூனையைத் தூக்கிக்கொண்டு போய் நாயின் மூக்கில் காட்டுவது பலர் செய்யும் தவறு. பிடிபட்ட பூனை முதலில் கீறுவது தூக்கியவரைத்தான்.

தப்பிக்கும் வழி இருந்தால் பூனை பயப்படாது. பீரோவின் உச்சி, பரண், ஜன்னல் விளிம்பு என்று நாய் எட்டாத மேடுகளில் ஒரு துணியைப் போட்டு வைத்தால் அங்கிருந்தபடியே அது நாயை வேவு பார்க்கும். மண்தட்டு நாய் போகாத மூலையில் இருக்க வேண்டும். மலங்கழிக்கும் இடத்தில் மறிக்கப்பட்ட பூனை கட்டிலில் சிறுநீர் கழிக்கும், அதற்குப் பூனையைத் திட்டிப் பயனில்லை. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் ஒளிந்தே கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவதுதான் வழி.

சண்டை வரும் நேரம் சாப்பாட்டு நேரம். மீன்காரரின் குரல் கேட்டதும் பூனை வாசலுக்கு ஓடும், பட்டினி கிடந்த நாளை மறக்காத நாயும் ஓடும். பல மாதம் ஒன்றாகப் படுத்தவை அந்த ஒரு மீன் தலைக்காகக் கடித்துக்கொள்ளும். தனித்தனி இடத்தில், பூனைக்கு மேடையிலும் நாய்க்குத் தரையிலும் வைப்பது நல்லது. பூனைக்கு டாரின் என்ற சத்து வேண்டும். நாய் உணவில் அது போதிய அளவு இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே ஒரே தட்டுச் சிக்கனம் சரிவராது.

மூன்று நாளில் திகைப்பு அடங்கும், மூன்று வாரத்தில் வழக்கம் புரியும், மூன்று மாதத்தில் வீடு தன்னுடையதாகும் என்பது காப்பகங்கள் சொல்லும் கணக்கு. வயதான நாய்க்கு இதில் சில திருத்தங்கள் தேவை. காது மந்தமான நாயின் மேல் பூனை பரணிலிருந்து குதித்தால் அது தூக்கத்தில் திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். மூட்டு வலி உள்ள நாய் முந்தாநாள் வரை பொறுத்துக்கொண்ட பூனையைப் பார்த்து இன்று உறுமினால், அது குணக்கேடு அல்ல, வலி. தகரக் கூரையில் மழை கொட்டும் இரவுகளில் புதிய நாய் நடுங்கும். அப்போது அதைப் பூனையோடு தனியே விடாமல் இருப்பது நல்லது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்திலும் இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும், குறைந்தது அந்த முதல் மூன்று மாதத்துக்கு.

நாயையும் பூனையையும் வெளியே அலையவிடாமல் வைத்திருப்பதற்கு இந்தத் தீவுகளில் இன்னொரு காரணமும் உண்டு. அந்தமான் நிக்கோபார் காடுகளில் நாய் இனமோ பூனை இனமோ இயற்கையாக இருந்ததில்லை. அந்தமான் பழங்குடியினர் நாயை அறிந்ததே 1858-ல் பிரிட்டிஷார் சிறைக் குடியிருப்பு அமைத்த பிறகுதான். காட்டுப் பன்றி வேட்டைக்கு உதவும் என்று ஓங்கே பழங்குடியினர் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு நாய், பூனை போன்ற பகைவரிடமிருந்து தப்பும் பழக்கம் வளரவே இல்லை. பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடா முதலிய கரைகளில் தோல்முதுகு ஆமை புதைத்துவிட்டுப் போன முட்டைகளை நாய்கள் தோண்டித் தின்பதை ஆய்வாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். தத்தெடுக்கும் நாய்க்கும் வீட்டுப் பூனைக்கும் கருத்தடை செய்வதை இங்கே தள்ளிப்போட முடியாது.

எல்லாம் செய்தும் ஒத்துவராத ஜோடிகள் உண்டு. அப்போது நாயைத் தந்தவரிடமோ காப்பகத்திடமோ சொல்லி, பூனை இல்லாத வேறு வீடு கிடைக்கும்வரை தனி அறையில் வைத்திருக்க வேண்டும். கப்பல் துறையிலோ கடற்கரையிலோ கொண்டுபோய் விட்டுவிட்டு வரக் கூடாது.