பேச்சு எங்கே பிறக்கிறது?

வாய் இருக்கிறது, நாக்கு இருக்கிறது, தொண்டையிலும் குறையில்லை. ஆனாலும் சிலருக்குப் பேச்சு மட்டும் நின்றுவிடுகிறது. ஏன்?

பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் ஒரு நோயாளி 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்பார். ஆனால், பிறர் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் விளங்கியது. கைச்சாடையால் பதில் கூறுவார். 1861-ஆம் ஆண்டில் அவர் இறந்தபின், பால் புரோக்கா என்னும் மருத்துவர் அவருடைய மூளையைச் சோதித்தார். இடப்பக்கத்தின் முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருந்தது. சொற்களை உருவாக்குவதில் அவ்விடத்திற்குப் பங்குண்டு என்று கண்டார்.

அன்று இறந்தவரின் மூளையைத்தான் ஆராய முடிந்தது. 1924-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், உயிருள்ள மனிதரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார். இன்றோ, நாம் பேசும்போது மூளையில் எங்கெங்கே இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. கருவி படமாகக் காட்டுகிறது. பேச்சு ஓரிடத்தின் வேலையன்று, பல பகுதிகளின் கூட்டு வேலை என்பதும் தெளிவாயிற்று.

இதனால் நமக்கென்ன பயன்? வீட்டில் ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், அது மூளையைத் தாக்கும் பக்கவாதமாக இருக்கலாம். காற்று, கருப்பு என்று மந்திரிக்க ஓடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் கொடுத்தாக வேண்டும்.

பேச்சிழந்தவர் அறிவிழந்தவர் அல்லர். அவர் காதுபடக் கடுஞ்சொல் பேசாதிருப்போம். அவர் சாடையைப் பொறுமையோடு கவனிப்போம்.