ஆரஞ்சுக்கு ஒரு ஜோடி வேணும்!

நல்ல நிறம். மணமான சுபாவம். உலகம் பூராவும் தெரிந்த குடும்பம். பெரியவர்கள் முதல் குழந்தைகள் வரை எல்லாருக்கும் பிடிக்கும். இருந்தும் 600 வருஷமாக வரன் மட்டும் அமையவில்லை!

கல்யாணத் தரகர் பேச்சு மாதிரி இருக்கிறதா? நான் சொல்வது இங்கிலீஷில் இருக்கும் 'ஆரஞ்ச்' என்கிற வார்த்தையைப் பற்றி. பூனையைக் குறிக்கும் 'கேட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். ரேட், பேட், மேட், ஹேட் என்று வாசலில் க்யூ நிற்கிறது. 'லவ்'வுக்கு 'டவ்' உண்டு. ஆரஞ்சுக்கு மட்டும் ஒலியில் ஒத்துப்போகிற ஒரு சாதாரண வார்த்தை கிடையாது. அகராதியைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழாது.

இந்த விவகாரத்துக்குள் நான் போனதற்குக் காரணம் அண்ணன் மகள். தர்மபுரியில் ஆறாவது படிக்கிறாள். எங்கள் குடும்பத்திலேயே இங்கிலீஷ் மீடியம் போன முதல் ஆள். அண்ணன் புளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மகளின் நோட்டில் எந்தப் பக்கம் திறந்தாலும் "நல்லா எழுதியிருக்கா" என்பதோடு சரி.

பழத்தைப் பற்றி எட்டு வரி இங்கிலீஷ் பாட்டு எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டிரண்டு வரியாக முடிவு ஒத்துப்போக வேண்டும். இவள் முதல் வரியை 'ஆரஞ்ச்' என்று முடித்து, பக்கத்தில் கலர் பென்சிலால் பழம்கூட வரைந்துவிட்டாள். இரண்டாவது வரி? ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே அழுகை.

"மேங்கோன்னு மாத்திக்கோயேன்."

"மேங்கோவுக்கு டேங்கோ இருக்கு சித்தப்பா. ஆனா கிளாஸ்ல பாதிப் பேர் மேங்கோதான்."

நியாயம்தானே! மாம்பழ ஜில்லா என்று பேர் வாங்கிய ஊர். தோப்புகளில் பெரும்பங்கு 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் போய்விட்டது என்றாலும் எங்களுக்கு ஆசை விடவில்லை.

அழுகைக்குக் காரணம் பாட்டு இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. "வீட்ல இங்கிலீஷ் பேசறவங்க இருந்தா வார்த்தை தானா வரும்"னு கூடப் படிக்கிற பெண் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அண்ணன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நமக்கு வாய்ச்சது அவ்வளவுதாம்மா" என்று மெள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் எங்கள் ஆபீஸில் ஒரு ஃபைல் நகரவில்லை. அத்தனை பேரும் ஆரஞ்சுக்கு மாப்பிள்ளை தேடினார்கள். டெஸ்பாட்ச் நண்பர் "ஸ்டோரேஜ்" என்றார். நடுவில் 'ஞ்' எங்கே ஸார்? தள்ளுபடி. டைப்பிஸ்ட் அம்மா "ஹிஞ்ச்" என்றார். கதவுக் கீல். வால் பொருந்துகிறது, தலை பொருந்தவில்லை. கணக்குப் பிரிவு பெரியவர் மட்டும் யோசித்து யோசித்து, "பாரிட்ஜ்!" என்றார். "அப்படீன்னா?" "நம்ம கஞ்சிதாம்ப்பா!" அதுவும் இங்கிலீஷில் தேறாது. ஆனால் தமிழில் பாருங்கள்: ஆரஞ்சி... கஞ்சி! கச்சிதம். கேழ்வரகுக் கஞ்சி குடித்து வளர்ந்த மூளை என்றால் சும்மாவா?

தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. இங்கிலீஷ் ரைமுக்குச் சட்டம் கொஞ்சம் கடுமை. ஒரு வார்த்தையில் எந்த இடத்தை அழுத்திச் சொல்கிறோமோ, அங்கிருந்து கடைசி வரை ஒலி ஒத்துப்போக வேண்டும். ஆரஞ்சில் அழுத்தம் முதல் எழுத்திலேயே விழுகிறது. அதனால் கிட்டத்தட்ட முழு வார்த்தையும் ஒத்தாக வேண்டும். வால் மட்டும் ஒத்தால் செல்லாது.

அப்படி முழுசாக ஒத்துப்போகிறவர்கள் உலகத்தில் சில பேர் இருக்கத்தான் இருக்கிறார்கள். ஒருவர் மலை! வேல்ஸ் தேசத்தில் அபர்கவெனி என்ற ஊருக்குப் பக்கத்தில் 'பிளாரெஞ்ச்' என்று ஒரு குன்று. சுமார் 560 மீட்டர் உயரம். இன்னொருவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி காரிஞ்ச். எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு பழங்காலக் கல்தூணைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து 1881-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நிறுத்தியவர். மூன்றாவது 'ஸ்போரஞ்ச்'. பெரணி மாதிரிச் செடிகளில் வித்துத்தூள் இருக்கும் பையாம். தாவரவியல்காரர்களுக்கே மறந்துபோன சொல். ஆறாங்கிளாஸ் பெண் பழப் பாட்டில் கடற்படை அதிகாரியை எப்படி நுழைப்பாள்?

ராப் பாடகர் எமினெம் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தவர். 2010-ல் ஒரு அமெரிக்க டி.வி. பேட்டியில், ஆரஞ்சுக்கு ரைம் கிடையாது என்று சொல்கிறவர்கள் மேல் தனக்கு எரிச்சல் என்று சொல்லிவிட்டு, வரிசையாக ஜோடி சேர்த்துக் காட்டினார். வார்த்தையை 'ஆர்-இஞ்ச்' என்று இரண்டாக உடைத்து, 'ஃபோர் இன்ச்', 'டோர் ஹிஞ்ச்' என்று உச்சரிப்பை வளைத்துப் போட்டுவிட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் ஜாதகத்தையே திருத்துகிற வேலை. ஆனாலும் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது!

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் அண்ணன் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "இது உனக்குத் தெரியாத வார்த்தை இல்லம்மா. இல்லாத வார்த்தை." அண்ணன் வெற்றிலையை மடித்தபடி ரெண்டு தரம் கேட்டார்: "வெள்ளைக்காரனுக்கே தெரியாதா?" அடுத்த நாள் மண்டியில் எத்தனை பேரிடம் சொன்னாரோ, கணக்கில்லை.

வழியை அவளே கண்டுபிடித்தாள். ஆரஞ்சைத் தூக்கி வரியின் ஆரம்பத்தில் வைத்தாள். கடைசியில் 'ஸ்வீட்', அடுத்த வரியில் 'ஈட்'. தீர்ந்தது! பெரிய பெரிய ஆங்கிலக் கவிஞர்களும் சிக்கலான வார்த்தையை இப்படித்தான் வரிக்கு நடுவில் ஒளித்துவைப்பார்கள். பென்சில் பழம் அப்படியே இருந்தது.

இதே ஆரஞ்சு தமிழுக்கு வந்தால் என்ன ஆகிறது தெரியுமா? ராஜ மரியாதை! நமக்கு எதுகை என்றால் இரண்டாவது எழுத்து ஒன்றி வரவேண்டும். முதல் எழுத்து அளவில் ஒத்தால் போதும். ஆரஞ்சு... காரம், சாரல், தூரம், நேரம், ஓரம், பேரன். கடைசி எழுத்து ஒன்றுவது இயைபு. நெஞ்சு, பஞ்சு, பிஞ்சு, நஞ்சு, அஞ்சு. மோனை, எதுகை, இயைபு எல்லாவற்றையும் தொல்காப்பியத்திலேயே சொல்லியாகிவிட்டது. இங்கிலீஷில் அநாதையாக நிற்கிற வார்த்தைக்கு இங்கே கல்யாண மண்டபம் கொள்ளாத சொந்தம்.

சொந்தம் என்று சும்மா சொல்லவில்லை. ஆரஞ்ச் என்ற சொல்லே இந்தப் பக்கத்துச் சரக்கு. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச். அங்கிருந்து ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் என்று ஊர் சுற்றி, வழியில் தலையிலிருந்த 'ந'வைத் தொலைத்துவிட்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. சமஸ்கிருதத்துக்கே அது திராவிட மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பது மொழியறிஞர்கள் பலருடைய கருத்து. நம்ம நாரத்தங்காயை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஜாடை தெரியும். பழம் போன பிறகுதான் அவர்களுக்கு அந்த நிறத்துக்கே பேர் கிடைத்தது. அதற்கு முன்னால் 'மஞ்சள் சிவப்பு' என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. தகடூர் என்ற பழைய பேரில் தர்மபுரியை ஆண்டவன் அதியமான். அவன் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. புலால் நாறும் என் தலையை, நரந்தம் மணக்கும் தன் கையால் தடவிக் கொடுப்பானே என்று அழுகிறாள். நரந்தம் என்றால் நாரத்தை என்றும் சொல்வார்கள், வாசனைப் புல் என்றும் சொல்வார்கள், கஸ்தூரி என்றும் சொல்வார்கள். பண்டிதர்கள் சண்டை நமக்கெதற்கு? நான் நாரத்தைக் கட்சி. அவனுடைய முழுப்பேர் வேறு நெடுமான் அஞ்சி. ஆரஞ்சி... அஞ்சி! டெஸ்பாட்ச் நண்பரிடம் சொன்னேன். அரை நாள் லீவ் போட்டுவிட்டு அதியமான்கோட்டை போய்ப் பார்த்து வரலாமா என்கிறார்.

ஆரஞ்சுக்குத் துணையாக இங்கிலீஷில் இன்னும் சில ஒண்டிக்கட்டைகள் உண்டு. 'சில்வர்' என்பதற்கு 'சில்வர்'தான் ஜோடி என்று ஜோக் அடிப்பார்கள். ஆனால் பெட்டை ஆட்டுக்குட்டிக்கு 'ச்சில்வர்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறதாம். 'பர்ப்பிள்'ளுக்கு 'ஹிர்ப்பிள்' என்று ஸ்காட்லாந்தில் ஒன்று. நொண்டி நடப்பது என்று அர்த்தம். 'மந்த்'துக்குத்தான் பாவம், ஒன்றுமே அமையவில்லை. கணக்கு வாத்தியார்கள் மட்டும் 'என் பிளஸ் ஒன்த்' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். எங்கள் கணக்குப் பிரிவு பெரியவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "மாசக் கடைசியில என்னய்யா அமையும்?" என்று கேட்டுவிட்டு ஃபைலைப் பிரித்தார்.