நடுராத்திரி மணியடித்துச் சோறு போட்ட சத்திரங்கள் தெரியுமா?

தஞ்சாவூர் பக்கத்துப் பாபநாசத்தில் ரயிலை விட்டு இறங்கினால், பக்கத்திலேயே திருப்பாலைத்துறைக் கோயில். அங்கே நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. உயரம் 36 அடி, அகலம் 86 அடி, கொள்ளளவு 3,000 கலம் நெல்! 1600-க்கும் 1634-க்கும் இடையில் கட்டியது. இப்படி நெல்லைக் குவித்து வைத்த சீமையில், வழிப்போக்கர்களுக்குக் காசே வாங்காமல் சோறும் போட்டு, படுக்க இடமும் கொடுத்தார்கள் தெரியுமா?

தெற்கே நீடாமங்கலம் போங்கள். இன்று ரயில்வே ஜங்ஷன். கேட் போட்டால் ஊரே நிற்கும். நாகப்பட்டினம்–தஞ்சாவூர் ரயில் ஓடத் தொடங்கியது 1861-ல். அதற்கு வெகு காலம் முன்பே, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் ராணி யமுனாம்பாள் பெயரில் இங்கே சத்திரம் நடந்தது! மீமிசல், மணமேல்குடி என்று கடலோரத்திலும் ராணிகள் பெயரில் சத்திரங்கள். காசியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்தே போனவர்களுக்கு இவைதான் ஓட்டல், ஆஸ்பத்திரி, எல்லாமே.

உள்ளே என்ன நடந்தது என்று தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிய கடிதம் சொல்கிறது. படித்தால் மலைத்துப் போவீர்கள்! எந்தச் சாதிக்காரர் வந்தாலும் சாப்பாடு உண்டு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மளிகையுமாக அளந்து கொடுப்பார்கள். பந்தி நடுராத்திரி வரை ஓடும். அப்புறம் மணியடித்து, "இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா?" என்று கூவி அழைப்பார்கள்! நோயாளிக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும், விஷக்கடிக்கு வைத்தியர், கைக்குழந்தைக்குப் பால். வந்த இடத்தில் ஒருவர் இறந்துபோனால், அவரவர் முறைப்படி ஈமக்கடன்.

அவர் விட்டுப்போன பிள்ளைகள்? அவர்களைச் சத்திரத்து வாத்தியாரே ஏற்றுக்கொள்வார். மூன்று வேளைச் சாப்பாடு, துணிமணி, விரும்பிய படிப்பு, கடைசியில் கல்யாணச் செலவு வரைக்கும் சத்திரத்துக் கணக்கு! நாலு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்றுகூட ஏற்பாடு. என்னைக் கேட்டால், கடிதத்திலேயே உசத்தியான விஷயம் இந்த எண்ணெய்தான். தாயில்லாப் பிள்ளையின் தலை காயக் கூடாது என்று ஓர் அரசாங்கம் நினைத்திருக்கிறதே!

இன்னொன்று தெரியுமா? 1799 உடன்படிக்கையில் நாட்டின் ஆட்சியையே கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டவர் சரபோஜி. அப்படிப்பட்டவர்தான் சத்திரங்களுக்கு மட்டும் குறை வரக்கூடாது என்று மன்றாடி அந்தக் கடிதத்தை எழுதினார். அதோடு விட்டாரா? 1802-ல் ஒரத்தநாட்டில் தம் அன்புக்குரிய முத்தாம்பாள் பெயரில் புதிதாகவே ஒன்று எழுப்பினார்! குதிரையும் யானையும் இழுக்கிற கல் தேர் மாதிரி அதன் முகப்பைச் செதுக்கியிருக்கிறார்கள். தஞ்சாவூர் பக்கம் போகிறவர்கள் ஒரத்தநாட்டில் இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.