வெள்ளம் வருமுன் வீடு தயாரா?

“வெள்ளம் வருமுன் அணை போடு” என்பது முதியோர் வாக்கு. ஆற்றுக்கு அணை போடுவது அரசாங்கத்தின் வேலை. வீட்டையும் வீட்டில் உள்ளவர்களையும் ஆயத்தப்படுத்துவது நம்முடைய வேலை அல்லவா?

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. “அது கிளந்தான், திரங்கானுக்காரர்களின் கவலை, நம் பக்கம் வராது” என்று இருந்துவிடாதீர்கள். 2014 டிசம்பரில் கோலக்கிராய், குவா மூசாங் வட்டாரங்கள் மூழ்கின. நாடெங்கும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். ஏழே ஆண்டுகளில், 2021 டிசம்பரில், மேற்குக் கரைக்கும் அதே கதி வந்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்துக் கிடந்தார்கள். அந்த வெள்ளத்தில் நாட்டில் 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

தீபாவளியோடு ஒரு வேலை

தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கிறோம். பருவமழையும் அதை ஒட்டியே வருகிறது. அன்றே இதையும் முடித்துவிடுங்கள். கூரைத் தகடு ஆடினால் ஆணி அடியுங்கள். பீலியில் சேர்ந்த இலைகளை அள்ளுங்கள். லயத்துக்குப் பின்னால் உள்ள கால்வாயை ஒரு வீட்டார் மட்டும் சுத்தம் செய்து பயனில்லை; ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா வீட்டாரும் சேர்ந்து இறங்குங்கள்.

பத்திரங்களே முதல் சொத்து

மெத்தை நனைந்தால் வேறு வாங்கலாம். பிறப்புப் பத்திரம் போனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது முதல் அடையாள அட்டை எடுப்பது வரை அலைச்சல்தான். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வீட்டு கிராண்ட், பிள்ளைகளின் சான்றிதழ்கள், கடப்பிதழ், மருத்துவமனைக் கார்டு ஆகியவற்றை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு இறுகக் கட்டி, ஒரே இடத்தில் உயரத்தில் வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ அனுப்பி வையுங்கள்.

அதன் பக்கத்திலேயே ஒரு தோள்பை இருக்கட்டும். டார்ச் லைட், ஆளுக்கு ஒரு மாற்றுடை, குடிநீர், பிஸ்கட், குழந்தையின் பால் மாவு, ஒரு வாரத்துக்கான மருந்து, கொஞ்சம் ரொக்கப் பணம் போதும். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் இருந்தால் அதைக் குளிர்ச்சியாகக் கொண்டுபோக வழி செய்யுங்கள். டயாலிசிஸ் செய்கிறவர் இருந்தால், சாலை அடைபட்டால் எங்கே போவது என்று அவருடைய மையத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

யார் எதைத் தூக்குவது?

தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு, “பை எங்கே? பாட்டியின் மருந்து எங்கே?” என்று கூச்சலிட்டுப் பயனில்லை. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போதே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். மூத்தவன் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துப்போவான். அம்மாவிடம் பத்திரப் பை. அப்பா மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் தோம்பை மூடுவார். சின்னவள் தம்பியின் கையை விடமாட்டாள். ஆடு, மாடு வளர்ப்போர் எந்த மேட்டில் கட்டுவது என்பதையும் முன்னதாகவே தீர்மானியுங்கள். தரை ஈரமாகிவிட்டால் சுவிட்சைத் தொடவே கூடாது.

எப்போது கிளம்புவது?

வானிலை ஆய்வு இலாகா தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று படிகளில் எச்சரிக்கை கொடுக்கிறது. மஞ்சளில் பையைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். தாழ்வான இடத்திலோ ஆற்றோரத்திலோ குடியிருந்தால், ஆரஞ்சு வந்ததும் முதியோரையும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பொழுது சாயுமுன் அனுப்பிவிடுங்கள். ஆற்றங்கரையில் அபாயச் சங்கு ஊதினால், அதிகாரிகள் வெளியேறச் சொன்னால், பிறகு ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அருகில் உள்ள துயர் துடைப்பு மையம் எந்தப் பள்ளி, எந்த மண்டபம் என்று இப்போதே தெரிந்து வையுங்கள். ஆபத்தென்றால் அழைக்க வேண்டிய எண் 999.

“டி.வி. போகுமே, பீரோ போகுமே” என்று வீட்டைக் காத்துக்கொண்டு நிற்பவர்கள்தான் கடைசியில் கூரையில் ஏறுகிறார்கள். மோட்டார் சைக்கிளிலோ காரிலோ வெள்ளத்தைக் கடக்கப் பார்ப்பதும் ஆபத்து. வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஓரடி இருந்தால் சிறிய காரை இழுத்துச் செல்லும்.

வடிந்த பிறகு

பிள்ளைகளை வெள்ள நீரில் விளையாட விடாதீர்கள். அதில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் ஒரு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றலாம். ரப்பர் பூட்ஸ் போட்டுச் சேற்றை அள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வெள்ளத்தில் நனைந்த உணவை, பார்க்க நன்றாக இருந்தாலும், கொட்டிவிடுங்கள். மின்சாரத்தைச் சோதிக்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். சுத்தம் செய்யத் தொடங்குமுன் சேதத்தைப் படம் எடுத்து வைத்தால் உதவித் தொகைக்கு மனுச் செய்யும்போது கைகொடுக்கும்.

காருக்கு முழுக் காப்புறுதி இருந்தாலும், வெள்ளச் சேதத்துக்குத் தனியாகச் சேர்த்து எடுத்திருந்தால்தான் பணம் கிடைக்கும். புதுப்பிக்கும்போது மறக்காமல் கேளுங்கள்.

தாய்மார்களே, இந்த இதழை மூடி வைத்ததும் முதல் வேலையாக அந்தப் பத்திரங்களைத் தேடி எடுங்கள். அரை மணி நேரம் கூட ஆகாது. மழை வராமலே போனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.